கட்டுரை வாங்கும் மேசையும் ஓர் அலுவலகம்தான்: பொது நிர்வாக ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் ஆசிரியர் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

அரசு நிர்வாகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவன் நான். உங்கள் இதழ்களை விடாமல் படிக்கிறேன். அவ்வப்போது உங்களுக்குக் கட்டுரை அனுப்புகிறேன். நீங்கள் கேட்கும்போது பிறர் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்தும் தருகிறேன். எந்த இதழின் பெயரையும் சொல்லிப் புகார் வாசிக்க இந்த மடலை எழுதவில்லை. கேட்க நினைப்பது ஒன்றுதான். அரசு அலுவலகங்களைப் பற்றி நீங்கள் அச்சிடுகிற ஆய்வுகளை, கட்டுரை வாங்கும் உங்கள் மேசைக்கும் ஒருமுறை பொருத்திப் பாருங்களேன்.

அதுவும் ஓர் அலுவலகம்தானே. மனு வருகிறது, பதிவெண் போடுகிறார்கள், இணைப்புகள் சரியா என்று பார்க்கிறார்கள், கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகிறது, குறிப்பு எழுதப்படுகிறது, கடைசியில் ஆணை வருகிறது. அதுவரை மனுதாரர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

2015இல் டொனால்ட் மொய்னிஹான், பமேலா ஹெர்ட், ஹோப் ஹார்வி மூவரும் ‘ஜர்னல் ஆஃப் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் ரிசர்ச் அண்ட் தியரி’ இதழில் நிர்வாகச் சுமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அரசிடம் ஒரு சேவை கேட்டுப் போகும் குடிமக்கள் மூன்று வகையில் விலை கொடுக்கிறார்கள் என்றார்கள். எங்கே போக வேண்டும், என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் பாடு ஒன்று. கேட்ட படிவங்களையும் சான்றுகளையும் திரட்டிக் கொடுக்கும் பாடு இன்னொன்று. மூன்றாவது, இதற்கிடையில் படும் மன உளைச்சல். அதன் பிறகு இந்தச் சட்டகத்தை வைத்து எழுதாத பொது நிர்வாக இதழைப் பார்ப்பது அரிது. நல்ல சட்டகம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைப் பயன்படுத்தி எழுதிய கட்டுரையைச் சமர்ப்பிக்க உட்கார்ந்தால், அந்த மூன்று பாடும் வரிசையாக எதிரே வந்து நிற்கின்றன.

சமர்ப்பிக்கும் தளத்தையே எடுத்துக்கொள்வோம். ‘நிறுவனம்’ என்று ஒரு கட்டம். இரண்டு எழுத்து அடித்ததும் பல்கலைக்கழகங்களின் பட்டியல் விரிகிறது. நான் வேலை பார்க்கும் அரசுத் துறையின் பெயரை முழுசாக அடித்தால், பொருந்துவது எதுவும் இல்லை என்கிறது. சரி, அதைத் தாண்டிப் போனால் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கு அப்படி ஒரு குழு உண்டு. அலுவலகப் பதிவேடுகளை வைத்து எழுதும் அலுவலர் எந்தக் குழுவிடம் போவார்? ‘பொருந்தாது’ என்று எழுதினேன். கட்டம் சிவப்பாகி, எண் மட்டுமே ஏற்கப்படும் என்றது. கடைசியில் எழுதுவதற்குத் துறை கொடுத்த அனுமதிக் கடிதத்தின் எண்ணை அங்கே போட்டேன். தளம் திருப்தியாகி அடுத்த பக்கத்தைத் திறந்துவிட்டது. அந்த எண் எதைக் குறிக்கிறது என்று அதற்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை.

நெறிமுறைக் கேள்வியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1947இன் நூரம்பெர்க் நெறிகள், 1964இன் ஹெல்சிங்கி பிரகடனம், 1979இன் பெல்மான்ட் அறிக்கை எல்லாம் ஆய்வுக்கு ஆளாகும் மனிதர்களைக் காப்பாற்ற வந்தவை. அதே அக்கறையோடு பார்த்தால், என் போன்றவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உன் கீழே வேலை பார்க்கிறவரிடம் நேர்காணல் எடுத்திருக்கிறாயே, அவரால் உன்னிடம் முடியாது என்று சொல்லியிருக்க முடியுமா? அவர் சொன்னது உன் வழியாக அவருடைய பதவி உயர்வைப் பாதிக்காது என்பதற்கு என்ன உறுதி? இந்தக் கோப்பைப் பார்க்கும் அதிகாரம் உனக்கு வேலைக்காகக் கொடுக்கப்பட்டது, கட்டுரைக்கும் சேர்த்தா? நிர்வாகத்துக்குள்ளிருந்து எழுதுகிறவனிடம் இவைதான் கூரான கேள்விகள். உங்கள் படிவத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் பல்கலைக்கழகத்திலிருந்துதான் எழுதுவார்கள் என்ற எண்ணத்தில் தயாரித்த படிவம், மற்றவர்களைத் தேவையில்லாத இடத்தில் மறிக்கிறது, மறிக்க வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறது.

பெயர் மறைப்பு விஷயம் இதைவிடச் சிக்கல். எழுதியவர் யார் என்று மதிப்பாய்வாளருக்கும், மதிப்பாய்வாளர் யார் என்று எழுதியவருக்கும் தெரியக் கூடாது என்பது நல்ல ஏற்பாடு. அதற்காகக் கட்டுரையிலிருந்து அடையாளங்களை எல்லாம் எடுத்துவிடச் சொல்கிறீர்கள். வேர்டு கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் பெயரைக்கூடத் துடைக்கச் சொல்கிறீர்கள், செய்கிறோம். ஆனால் ஒரு திட்டத்தை நடத்தியவரே அதைப் பற்றி எழுதும்போது, அவர் அங்கே என்னவாக இருந்தார் என்பது ஆய்வு முறையின் ஒரு பகுதி. ‘இத்திட்டத்தின் பொறுப்பு அலுவலராக இருந்த காலத்தில் எழுதிய குறிப்புகள்’ என்ற வரியை எடுத்துவிட்டு ‘களக் குறிப்புகள்’ என்று மொட்டையாக வைத்தால், அடுத்து வரும் மதிப்புரை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: தரவு எப்படிக் கிடைத்தது என்பதற்கு விளக்கம் இல்லை, ஆய்வாளருக்கும் களத்துக்கும் உள்ள உறவு தெளிவாக இல்லை. தெளிவாகத்தான் எழுதியிருந்தோம். உங்கள் விதிப்படி அழித்தோம். அழித்தது குறை என்று இன்னொரு விதிப்படி திரும்பி வருகிறது. பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டு, ‘எழுதியவர் இத்திட்டத்தில் பொறுப்பில் இருந்தவர்’ என்பதை மட்டும் மதிப்பாய்வாளருக்குச் சொல்ல ஒரு வழி வைத்தால் போதும். அதைப் படித்துவிட்டு அவர் கூடுதலாகச் சந்தேகப்பட்டால் நல்லதுதான். சந்தேகப்பட வேண்டிய இடம் அது.

அப்புறம், இந்த மறைப்பு எங்கே தொடங்குகிறது என்பதையும் யோசியுங்கள். கட்டுரை மதிப்பாய்வாளருக்குப் போகும்போதுதான் பெயர் மறைகிறது. அதற்கு முன்பு ஆசிரியர் மேசையிலேயே கழிக்கப்படும் கட்டுரைகளைப் பெயரும் பதவியும் நிறுவனமும் கண்ணுக்குத் தெரியத்தான் கழிக்கிறீர்கள். டக்ளஸ் பீட்டர்ஸ், ஸ்டீபன் சேசி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1982இல் வெளியிட்ட சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயர் பெற்ற நிறுவனங்களிலிருந்து வெளிவந்திருந்த 12 கட்டுரைகளை எடுத்து, எழுதியவர் பெயரையும் நிறுவனத்தையும் யாரும் கேள்விப்படாதவையாக மாற்றி, ஏற்கெனவே அவற்றை அச்சிட்ட அதே உளவியல் இதழ்களுக்கு அனுப்பினார்கள். மூன்றுதான் பிடிபட்டன. மீதி ஒன்பதில் எட்டு, தரம் போதாது என்று திரும்பி வந்தன. வேறு துறை, பழைய காலம், சிறிய சோதனை. நிறுவனப் பெயர்தான் காரணம் என்று அதை வைத்து நிரூபித்துவிடவும் முடியாது; அந்த இதழ்கள் முதல் தடவை தேர்வு செய்ததே குருட்டாம்போக்கில் என்றும் வாதாடலாம். எப்படிப் பார்த்தாலும் ஆசிரியர் மேசைக்குப் பெருமை சேர்க்கும் முடிவு இல்லை. ஆசிரியருக்கே பெயர் தெரியாமல் முதல் வடிகட்டலைச் செய்யும் இதழ்களும் உலகில் இருக்கின்றன. ஆளைப் பார்த்து மனுவை எடுப்பதைக் கண்டித்து இத்தனை கட்டுரைகள் அச்சிட்ட நீங்கள் அதை முயன்று பார்க்கலாமே.

வடிவமைப்புக் கட்டுப்பாடுகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சிவப்பு நாடா என்றால் என்ன என்று பொது நிர்வாக அறிஞர் பாரி போஸ்மன் 1993இல் வகுத்த இலக்கணம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: விதி அமலில் இருக்கும், கடைப்பிடிக்கப் பாடுபட வேண்டும், ஆனால் எதற்காக வந்ததோ அந்த வேலைக்கு உதவாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏபிஏ) மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்பு 2019இல் வந்தபோது, நூல் எந்த ஊரில் வெளியானது என்று எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்கு முன்பு எத்தனை பேர் எத்தனை இரவு, ஒரு பதிப்பகத்தின் பெயரை வைத்துக்கொண்டு அதன் ஊரைத் தேடியிருப்பார்கள்! ஊர் தெரியாமல் போனதால் எந்த ஆய்வும் கெட்டுப்போகவில்லை. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு உங்கள் பாணிக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், மகிழ்ச்சியாக மாற்றுகிறோம். ஏற்கலாமா என்று பார்ப்பதற்கு முன்பே மேற்கோள்களில் அரைப்புள்ளி எங்கே, காற்புள்ளி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம். முதல் தடவை எந்த வடிவத்தில் இருந்தாலும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைப் பெரிய பதிப்பகங்கள் பலவும் கொண்டுவந்துவிட்டன. இன்னும் மாறாதவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி, காத்திருப்பு.

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்ற விதியை நான் முழுமையாக ஏற்கிறேன். மதிப்பாய்வாளர்கள் சம்பளம் வாங்காமல் தங்கள் நேரத்தைக் கொடுக்கிறவர்கள். இரண்டு இடத்தில் இரண்டிரண்டு பேரை உட்கார வைத்து, எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்வது அநியாயம். ஆனால் இந்த விதி உங்களுக்கு ஓர் ஏகபோகத்தைக் கொடுக்கிறது. கட்டுரை உங்கள் கையில் இருக்கும்வரை அது வேறெங்கும் போக முடியாது. ஏகபோகம் வைத்திருக்கும் அலுவலகத்துக்குக் காலக்கெடு வேண்டும் என்று சொல்வது உங்கள் துறைதான். 1991இல் பிரிட்டனில் ஜான் மேஜர் அரசு குடிமக்கள் சாசனம் கொண்டுவந்ததே இதற்காகத்தானே. எந்தச் சேவைக்கு எத்தனை நாள், தாமதமானால் யாரிடம் கேட்பது என்பதை அலுவலகம் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்ற யோசனை. பல நாடுகள் அதைத் தங்கள் வழியில் எடுத்துக்கொண்டன. அந்தச் சாசனங்கள் வெற்றியா தோல்வியா என்று அலசிய கட்டுரைகளையும் நீங்கள்தான் வெளியிட்டீர்கள்.

இப்போது இதழ்கள் ‘முதல் முடிவுக்குச் சராசரியாக இத்தனை நாள்’ என்று ஓர் எண்ணைப் போடுகின்றன. அந்த எண்ணை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. இரண்டு நாளில் ஆசிரியர் மேசையிலேயே கழிக்கப்பட்ட கட்டுரைகளையும் சேர்த்துக் கூட்டினால் சராசரி அழகாகத்தான் வரும். மதிப்பாய்வுக்குப் போன கட்டுரைக்கு எவ்வளவு காலம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, ஆறு மாதத்துக்கு மேல் முடிவு சொல்லாமல் இருக்கும் கட்டுரைகள் எத்தனை என்று சொல்லுங்கள். எந்தச் சாதாரண அலுவலகத்திலும் நிலுவைப் பட்டியல் என்று ஒன்று இருக்கும். மாதக் கூட்டத்தில் மேலதிகாரி முதலில் கையை நீட்டுவது அதற்குத்தான். நிர்வாகத்தைப் பற்றியே நடத்தும் இதழ்களில் அந்தப் பட்டியல் வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

தளத்தில் தெரியும் நிலையைச் சொல்லாமல் விட முடியாது. ‘மதிப்பாய்வாளர் தேர்வுக்குக் காத்திருக்கிறது’ என்று இருக்கும். பல வாரங்கள் கழித்து ‘மதிப்பாய்வில் உள்ளது’ என்று மாறும். எழுதியவருக்கு உயிர் வரும். பத்து நாளில் மறுபடியும் ‘மதிப்பாய்வாளர் தேர்வுக்குக் காத்திருக்கிறது’. ஒப்புக்கொண்டவர் பின்வாங்கிவிட்டாரா, இருவரில் ஒருவர் இன்னும் கிடைக்கவில்லையா, தளமே தானாக மாற்றியதா, எதுவும் தெரியாது. ‘ஆறு பேரைக் கேட்டோம், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்னும் தேடுகிறோம்’ என்று ஒரு வரி எழுதினால் எந்த ரகசியமும் உடையாது. எழுதியவர் பொறுத்திருப்பதா, திரும்பப் பெறுவதா என்று முடிவு செய்துகொள்வார்.

உங்கள் பக்கத்து நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. உங்களில் பெரும்பாலோர் வகுப்பு எடுத்துக்கொண்டு, மாணவர்களை வழிநடத்திக்கொண்டு, மிச்ச நேரத்தில் இதழ் நடத்துகிறீர்கள். மதிப்பாய்வுக்குக் கேட்டால் மறுப்பவர்கள் கூடிவிட்டார்கள், பதிலே போடாதவர்கள் அதைவிடக் கூடிவிட்டார்கள். இயந்திரம் எழுதிக் கொடுத்த கட்டுரைகள் வேறு வந்து குவிகின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகக் காட்டக் கூடாது என்று பதிப்பு நெறிமுறைக் குழுவான கோப் 2023இல் சொல்லிவிட்டது. ஆனால் பெயர் போடாமல் எழுத வைப்பவரைப் பிடிப்பது உங்கள் தலையில்தான் விழுகிறது. இவ்வளவு இருந்தும் சொல்கிறேன், ஆள் பற்றாக்குறை என்பது அரசு அலுவலகங்களும் சொல்லும் காரணம்தான். அதை நீங்கள் எங்களிடம் எவ்வளவு தூரம் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று உங்கள் கட்டுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

வரிசை நகராத இடத்தில் தரகர் முளைப்பார் என்பது நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குப் பாலபாடம். மூன்று நாளில் ஏற்பு, ஒரு வாரத்தில் வெளியீடு, கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்று அழைக்கும் போலி இதழ்கள் அப்படி வந்தவைதான். தனியாக உட்கார்ந்து கட்டுரை தயாரித்து விற்கும் ஆலைகளும் வந்துவிட்டன. 2023இல் மட்டும் ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த மோசடிகளுக்கு நீங்கள் பொறுப்பில்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்கும் நிறுவனங்களுக்குத்தான் பெரிய பங்கு. ஆனாலும் நேர்மையான வாசல் எவ்வளவு நாள் மூடியிருக்கிறதோ, அவ்வளவு நாள் பக்கத்துச் சந்துக்காரருக்கு வியாபாரம்.

நிராகரிப்புக் கடிதத்துக்கு வருகிறேன். ‘தங்கள் கட்டுரை சுவாரசியமானது, எனினும் எங்கள் இதழின் நோக்கத்துக்குப் போதிய அளவு பொருந்தவில்லை. வேறு இதழில் வெளியாக வாழ்த்துகிறோம்.’ தலைப்பை மாற்றினால் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் கடிதம் இது. ஒரு மனுவை மறுக்கும் அதிகாரி காரணம் எழுத வேண்டும், காரணம் இல்லாத ஆணை நிற்காது என்பது நிர்வாகச் சட்டத்தில் ஊறிப்போன கோட்பாடு. நீண்ட விளக்கம் யாரும் கேட்கவில்லை. இரண்டு வரி போதும். பொருள் உங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறதா, முறையில் ஓட்டையா, சொன்னது ஏற்கெனவே தெரிந்ததா, இல்லை இதே பொருளில் நான்கு கட்டுரை கையில் இருக்கிறதா? நான்காவது காரணத்தைச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் வெட்கம் வேண்டியதில்லை. முதல் காரணம் என்றால் எழுதியவர் வேறு இதழ் பார்ப்பார், இரண்டாவது என்றால் உட்கார்ந்து திருத்துவார். மேல்முறையீட்டுக்கும் வழி இருக்க வேண்டும் என்று கோப் சொல்கிறது, பல இதழ்கள் வைத்தும் இருக்கின்றன. ஆனால் அந்த மேல்முறையீடு முதலில் மறுத்த அதே ஆசிரியரிடமே போய் நிற்பதுண்டு. அதிகாரிகள் மீதான புகாரைத் தனியாக இருந்து கேட்க ‘ஓம்புட்ஸ்மன்’ என்ற பதவியைச் சுவீடன் 1809இலேயே உருவாக்கியது என்று பாடம் நடத்துகிறவர்கள் நீங்கள்.

இவை எல்லாம் நடைமுறை. சரி செய்துவிடலாம். எனக்கு அதிக வருத்தம் தருவது வேறு ஒரு வரி: ‘கோட்பாட்டுக்கு இக்கட்டுரையின் பங்களிப்பு தெளிவாக இல்லை.’

ஓர் அலுவலகத்தில் ஒரு விதி காகிதத்தில் எப்படி இருந்தது, கவுண்டரில் உட்கார்ந்தவர் அதை எப்படி வளைத்தார், ஏன் வளைக்க வேண்டியிருந்தது, அதனால் யாருக்கு லாபம் என்று ஒருவர் பொறுமையாக, சரியாக எழுதி அனுப்புகிறார். மதிப்பாய்வாளருக்கு அது ‘வெறும் விவரிப்பு’. உடனே எழுதியவர் என்ன செய்கிறார்? முன்னால் நான்கு பக்கம் கோட்பாடு ஒட்டுகிறார், பின்னால் இரண்டு பக்கம் அதே கோட்பாட்டுக்குத் திரும்பிப் போகிறார். சொல் வரம்புக்குள் அடங்க வேண்டுமே, அதனால் நடுவில் இருந்த விவரிப்பு பாதியாகிறது. கட்டுரை ஏற்கப்படுகிறது. அதில் அவருக்கு மட்டுமே தெரிந்திருந்த பகுதிதான் வெட்டுப்பட்டது. ஒட்டிய பகுதி எல்லாருக்கும் தெரிந்தது.

ஹெர்பர்ட் சைமன் 1935இல், மாணவராக இருந்தபோது, மில்வாக்கி நகரத்தின் விளையாட்டுத் திடல்கள் எப்படி நடத்தப்படுகின்றன என்று பார்க்கப் போனார். பள்ளி வாரியமும் நகரப் பொதுப்பணித் துறையும் சேர்ந்து நடத்திய வேலை. பணத்தை எதற்கு ஒதுக்குவது என்பதில் இரண்டு தரப்பும் ஒத்துப்போகவில்லை. பாடப் புத்தகப் பொருளாதாரம் சொன்ன மாதிரி யாரும் கணக்குப் போட்டு முடிவெடுக்கவில்லை என்பதை அங்கே கவனித்தார். வரம்புக்குட்பட்ட அறிவுடைமை (கிடைத்த தகவலுக்கும் நேரத்துக்கும் உள்ளேதான் மனிதர்கள் முடிவெடுக்கிறார்கள்) என்று பின்னால் அவர் வளர்த்ததற்கும், 1978இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசுக்கும் வேர் அந்தத் திடல்களில் இருக்கிறது. ஒரு நகரத்தில் மண்வெட்டிக்கும் மேற்பார்வையாளருக்கும் காசு எப்படிப் பிரிகிறது என்ற விவரிப்பு முதலில் வந்தது. அதைக் கோட்பாடாக்கும் வேலை பிறகு வந்தது. அதே ஆள்தான் இரண்டையும் செய்ய வேண்டும், அதே கட்டுரையில் செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில் என்ன லாபம்?

1940இல் ‘பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் ரிவ்யூ’ தொடங்கியபோது அலுவலர்களும் பேராசிரியர்களும் அதே பக்கங்களில் எழுதினார்கள். இன்று அதே இதழ் ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையோடும், நடைமுறையில் இருப்பவர்களுக்கு உதவும்படி சில குறிப்புகள் எழுதித் தரச் சொல்கிறது. நல்ல வழக்கம், பலரும் முதலில் படிப்பது அதைத்தான். மற்ற இதழ்களும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அலுவலர் என்றால் கட்டுரையின் ஓரத்தில் உள்ள பெட்டியைப் படித்துவிட்டுப் போகிறவர் என்று வைத்துவிட வேண்டாம். அவர் எழுதுவதற்கும் இடம் வேண்டும். அதற்குச் சலுகை மதிப்பெண் வேண்டாம். விவரிப்புக்கு விவரிப்பின் அளவுகோல் வேண்டும்: சொன்னது சரிபார்க்கக் கூடியதா, விட்டுவிட்டது என்ன என்று எழுதியவர் சொல்கிறாரா, தன் பதவியால் தான் பார்க்க முடியாமல் போனதை ஒப்புக்கொள்கிறாரா, இன்னோர் அலுவலகத்தில் இருப்பவர் இதைப் படித்துத் தன் இடத்தோடு ஒப்பிட முடியுமா? இது கோட்பாட்டுப் பங்களிப்பைவிட எளிதான சோதனை என்று நினைத்தால், ஒருமுறை எங்கள் துறையின் ஆண்டறிக்கையை இந்த நான்கு கேள்விகளோடு படித்துப் பாருங்கள்.

கைவிட்ட திட்டங்களுக்கும் அங்கே இடம் கொடுங்கள். அவற்றைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் அலுவலகங்களில்தான் இருக்கிறார்கள், துணிந்தவர்கள் குறைவு. பெயர் மறைத்து வெளியிட ஆசிரியர் ஒப்புக்கொண்டால் துணிவு கொஞ்சம் கூடும். நடத்தை விதிகள் கழுத்தில் தொங்கும்போது, பெயர் போட்டு எழுது, இல்லையேல் எழுதாதே என்றால் பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

மதிப்பாய்வாளர் கிடைக்கவில்லை என்கிறீர்களே, அதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற அலுவலர்களையும், பணியில் இருந்துகொண்டே முனைவர் பட்டம் முடித்தவர்களையும் கேட்டுப் பாருங்கள். ஒரு நலத்திட்டத்தைப் பற்றிய கட்டுரைக்கு இரண்டு பேராசிரியர்களோடு, அந்த மாதிரித் திட்டத்தை நடத்திய ஒருவரும் மூன்றாவதாக இருந்தால், மாதிரி அளவைப் பற்றி அவர் எதுவும் சொல்லாமல் போகலாம். அந்தப் புள்ளிவிவரம் கவுண்டரில் எப்படி உற்பத்தியாகிறது என்று கட்டாயம் சொல்வார். மாத இறுதியில் இலக்கை எட்டுவதற்காகப் போட்ட பதிவுகள் எவை என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். என் பெயர் உங்களில் சிலரிடம் மதிப்பாய்வாளர் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதவர்கள் சேர்த்துக்கொள்ளுங்கள், உள்ளாட்சி, நலத்திட்டம், மனு விசாரணை ஆகிய மூன்றிலும் பார்த்துத் தருகிறேன். பதிவு செய்யும்போது அங்கேயும் பல்கலைக்கழகத்தின் பெயர் கேட்கிறது, அதை மட்டும் உங்கள் அலுவலகத்தில் யாராவது சரி செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
நிர்வாகப் பணியிலிருந்து எழுதும் ஒருவர்